எஃப்.சி. தாளில் இரண்டு வரி

வண்டி விஷயத்தில் என் அண்ணன் ஒருத்தரையும் நம்பமாட்டான். விற்கிறவனை நம்பமாட்டான், நடுவில் நிற்கும் தரகனை நம்பமாட்டான், மெக்கானிக்கை நம்பவே மாட்டான். என்னை மட்டும் நம்பினான். அவன் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. அவனிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது ஊருக்கெல்லாம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். என் தைரியம் எப்போதும் இப்படித்தான், பந்தி முடிந்த பிறகு இலை போடும்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம். உத்திரமேரூரிலிருந்து நாலு கல் தள்ளி எங்கள் ஊர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். மழை பெய்தால் விளைகிற கொஞ்சம் நிலத்தை அம்மா பார்த்துக்கொண்டாள். அண்ணன் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு லாரியில் கிளீனராகப் போனான். பிறகு உத்திரமேரூரில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டு டிரைவர் ஆனான். ஒன்பது வருடம் அவருடைய காரை ஓட்டினான். அந்த வீட்டுப் பெண்கள் மூன்று பேரையும் தாலி கட்டிய கையோடு மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டவன் அவன்தான். மூன்றாவது பெண்ணை விட்டுவிட்டு வந்த அன்று சாப்பிட உட்கார்ந்தவன், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

“எம்மா, நம்ம பாப்பாவ நான் என் சொந்த வண்டில கூட்டுக்கினு போயி வுடுவேன். அடுத்தவன் வண்டில ஏத்தமாட்டேன்.”

“மொதல்ல மாப்ள வரட்டும்டா. அப்பறம் வண்டி வரட்டும்” என்றாள் அம்மா.

அவனுக்கு வண்டிதான் முதலில் வரவேண்டும். மாப்பிள்ளை என்ன, எங்கேயும் கிடைப்பான் என்பது அவன் எண்ணம்.

நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு உத்திரமேரூரில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். தெருவில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். தந்தி வந்தாலும் என்னிடம்தான் வரும், மருந்துச் சீட்டு வந்தாலும் என்னிடம்தான் வரும். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

செய்யாற்றுக்கு அந்தப் பக்கம், வந்தவாசி போகிற வழியில் ஒரு ஊரில், பழைய அம்பாசிடர் டாக்சி ஒன்று விலைக்கு வருகிறது என்று அண்ணன் கேள்விப்பட்டான். “நீயும் வா பாப்பா” என்றான். நான் எதற்கு என்று கேட்டதற்கு, பஸ்ஸில் போகும்போது விளக்கினான்.

வாடகைக்கு ஓடும் வண்டியை வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டவேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் மைதானத்தில் வண்டியை ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். பிரேக், விளக்கு, ஹாரன், டயர் எல்லாம் பார்த்து, ரோட்டில் ஓட இதற்குத் தகுதி உண்டு என்று தாளில் எழுதி முத்திரை குத்துவார். அதிலும் நம் ஆட்களுக்கு வித்தை தெரியும்.

“நல்ல டயர ஒருநாளைக்கு எரவல் வாங்கி மாட்டிக்கினு போவானுங்க. சீல் வாங்கினதும் கயட்டி திருப்பிக் குட்த்துடுவானுங்க. கல்யாணத்துக்கு எரவல் நகை போட்றமாதிரி” என்றான். “அதனால ஒரு வருசத்து சீல மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம். மொதல்லேர்ந்து அத்தினி வருசமும் பாக்கணும். எந்த வருசம் வுட்டுப்போயிகீது, எங்க இன்ஸ்பெக்டரு இன்னா எய்திகீறாரு, எல்லாம் பாக்கணும். வண்டிய நான் பாக்கறேன். எய்துனத நீ பாரு. நீ சொன்னா சரி.”

விற்கிறவருக்கு ஐம்பது வயது இருக்கும். மெலிந்த மனிதர். பேரம் பேசுகிறவரின் சுறுசுறுப்பு ஒன்றும் அவரிடம் இல்லை. கறுப்பு உடம்பும் மஞ்சள் தலையுமாக வண்டி ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. அதன் மேல் உதிர்ந்திருந்த வேப்பஞ்சருகைக்கூட யாரும் தட்டியிருக்கவில்லை.

அண்ணன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். பிறகு வெளியே வந்து விரல் முட்டியால் உடம்பெல்லாம் தட்டித் தட்டிக் கேட்டான். ஒடுக்கைப் பட்டி அடித்து மறைத்த இடம் சத்தத்தில் தெரிந்துவிடுமாம். பின் சக்கரத்துக்கும் முன் சக்கரத்துக்கும் நூல் பிடித்துப் பார்த்தான். வண்டி வளைந்திருந்தால் நூல் கோணிவிடுமாம்; நேராக நின்றது. வண்டி நம்பரின் எண்களைக் கூட்டிப் பார்த்து, “ஒம்போது வர்து பாப்பா!” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அந்த நம்பரை இத்தனை ஆசையாகக் கூட்டத் தெரிந்த எங்களுக்கு, அந்த நம்பரைப் பற்றி அந்த ஊர் டீக்கடையில் ஒரு வார்த்தை விசாரிக்கத் தோன்றவில்லை.

“மட்கார்டு ரெண்டும், பானெட்டும் புதுசு மாத்திகீறாரு. வண்டிய பாசமா வெச்சிக்கினு இருந்த மனுசன்” என்று என் காதில் சொன்னான்.

விற்கிறவரின் மனைவி எங்களுக்கு மோர் கொண்டுவந்தாள். டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கல்யாணம் ஆயிட்ச்சாமா ஒனக்கு?”

“இல்லீங்க. அண்ணன் வண்டி வாங்கினப்பறம்தான்” என்றேன், விளையாட்டாக.

அந்த அம்மாள் உள்ளே போனாள். நாங்கள் கிளம்பும் வரையில் திரும்பி வரவில்லை. வீட்டுக்கு வந்த கல்யாணமாகாத பெண்ணுக்குக் கிளம்பும்போது குங்குமம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொடுக்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட இருந்தது.

விற்கிறவர் தாள்களைத் துணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் முதலிலிருந்து பார்த்தேன். வருடத்துக்கு ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. ஒரு நாள்கூடத் தவறாமல், பள்ளிக்கூடப் பிள்ளையின் வருகைப் பதிவு மாதிரி வந்துகொண்டே இருந்தது. திடீரென்று ஒரு வருடம் இல்லை. அதற்கும் மேலேயே இருக்கும். அதற்கப்புறம் மறுபடியும் ஒழுங்காக இருந்தது.

“இங்க ஒரு வருசம் எஃப்.சி. காட்டலையே” என்று நான் கேட்டேன். கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு.

அவர் என்னைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்தார். “வூட்ல ஒரு காரியம் ஆயிட்ச்சி பாப்பா. அந்த வருசம் வண்டி எடுக்கல.”

காரியம் என்றால் சாவு. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் அப்படிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரென்று கேட்கமாட்டார்கள், எப்படி என்றும் கேட்கமாட்டார்கள். அதுவும் நல்ல காரியமாக ஒரு வண்டி வாங்க வந்த இடத்தில் கேட்கவே மாட்டார்கள். கொஞ்ச நேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நாங்களும் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் எனக்குக் கண்ணைக் காட்டினான், போதும் என்று. பிறகு எழுந்துபோய் வண்டியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான்.

அதோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இதை எழுதவேண்டியதில்லை. விட்டுப்போன வருடத்துக்கு அப்புறம் வந்த முத்திரைக்குப் பக்கத்தில், இன்ஸ்பெக்டர் கையால் இரண்டு வரி எழுதியிருந்தார். மசி மங்கியிருந்தாலும் எனக்குப் படிக்க முடிந்தது. விபத்துக்குப் பிறகு வண்டியின் முன்பகுதி முழுவதும் மாற்றிக் கட்டப்பட்டிருக்கிறது, ஓட்டிப் பார்த்துத் தகுதி கொடுக்கப்படுகிறது என்று இருந்தது. ‘ஆக்சிடென்ட்’ என்ற வார்த்தை எந்த டிரைவரின் தங்கைக்கும் தெரியும்.

நான் தலையை நிமிர்த்தினேன். அண்ணன் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்திருந்தான். வண்டி ஓடவில்லை, ஆனால் அவன் முகம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. பின் சீட்டில் நான் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் தெரிந்தது. நூல் நேராகத்தானே நின்றது, இன்ஸ்பெக்டரே சரி என்றுதானே எழுதியிருக்கிறார், பிறகு எதற்கு இந்த இரண்டு வரியைப் படித்துக் காட்டி அவன் மனத்தைக் கலைக்கவேண்டும் என்று நினைத்தேன். நல்ல காரணம்தான். ஆசைக்குக் காரணமா கிடைக்காது?

“இன்னா பாப்பா?” என்றான் அங்கிருந்தே.

“எல்லாம் சரியா கீதுண்ணா.”

வண்டியை எடுக்கும்போது விற்கிறவர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். கதவின் மேல் கை வைத்துக்கொண்டு, “தம்பி, இத்த கல்யாண சவாரிக்கு வுடாத. பூவும் மாலையுமா சீட்டு பாயாப்பூடும்” என்றார். அண்ணன் சரி நைனா, சரி நைனா என்று சிரித்துக்கொண்டே தலையாட்டினான். ஆற்றைத் தாண்டியதும், “கல்யாண சவாரி வாணாமாம்! அதுக்குத்தான வாங்கினதே” என்று ஹாரனை இரண்டு முறை அடித்தான்.

வண்டி ராசா மாதிரி ஓடியது. நாலு மாதத்தில் ஒரு நாள்கூட நடுவழியில் நிற்கவில்லை. அண்ணன் காஞ்சிபுரத்துக்கு எஃப்.சி. காட்டப் போனபோது இன்ஸ்பெக்டரே தட்டிக் கொடுத்தாராம். அந்த வண்டியில் ஒரு குறையும் கிடையாது. இதை இரண்டு தரம் வேண்டுமானாலும் எழுதுவேன்.

தை பிறந்தது. முதல் கல்யாண சவாரி வந்தது. உத்திரமேரூரில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். தாலி கட்டு முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் கொண்டுபோய் விடவேண்டும். அண்ணன் விடியலிலேயே வண்டியைக் கழுவி, அம்மா கட்டிக் கொடுத்த சாமந்திச் சரத்தை முன்னால் மாட்டிக்கொண்டு போனான். மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டான். வண்டியை நிறுத்திவிட்டுச் சாமந்திச் சரத்தை அவிழ்த்தான். அம்மா மூன்று தரம் கேட்டபிறகுதான் சொன்னான்.

மணப்பெண் ஒரு காலை வண்டிக்குள் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வண்டிக்கு முன்னால் தேங்காய் உடைக்கக் குனிந்தவர், நம்பரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றிருக்கிறார். பின்னால் போய் அந்த நம்பரையும் பார்த்திருக்கிறார். இந்த வண்டியை எங்கே வாங்கினாய் என்று கேட்டிருக்கிறார். அண்ணன் ஊரைச் சொன்னான். “ஏய், பொண்ண எறக்குங்கடா! கல்யாணப் பொண்ண அடிச்ச வண்டிடா இது!” என்று அவர் கத்தின கத்தில் அந்தப் பெண் உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தாள்.

“அவ மூஞ்சி வெளுத்துப் போச்சிமா. என்ன எமனப் பாக்கறமாதிரி பாத்தா” என்றான் அண்ணன்.

மறுநாள் அவன் ஆற்றைத் தாண்டி, வண்டி விற்றவர் வீட்டுக்குப் போனான். போகிற கோபத்தைப் பார்த்து, கைகலப்பாகிவிடப் போகிறதே என்று அம்மா பயந்தாள். சாயங்காலம் வந்தான். நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தான்.

“அவரு பொண்ணுதான் பாப்பா” என்றான். “ஒரே பொண்ணு. தாலி கட்டி முடிச்சி, அவரே ஓட்டிக்கினு போயிகீறாரு மாப்ள வூட்டுக்கு. பின்னாடி மாப்ளகூடத்தான் குந்திக்கினு வந்துச்சாம். பாதி வயில, கொஞ்ச தூரம் ஒன் பக்கத்துல குந்திக்கினு வரேன் நைனான்னு கேட்டுச்சாம். வண்டிய நிறுத்தி முன்னாடி ஏத்திக்கினாரு. ஒரு கன்னுக்குட்டி குறுக்க வந்துட்ச்சி. திருப்பினதுல புளியமரம்.”

நான் அலசின துணியையே மறுபடி அலசினேன்.

“வண்டிய நானே திருப்பி எடுத்துக்கறேன் தம்பின்னு சொன்னாரு” என்றான். “நான்தான் வாணாம்னு வந்துட்டேன். எப்டி பாப்பா திருப்பி வுட்றது? மறுபடியும் அந்த வேப்பமரத்தாண்ட கொண்டாந்து நிறுத்தினா, அந்தம்மா தெனம் எய்ந்து அத்தப் பாக்கணுமே.”

சண்டை போடப் போனவன் செய்துவிட்டு வந்த வேலை அது. அவன் அப்படித்தான்.  பிறகு என் பக்கம் திரும்பினான். அந்தக் கேள்வியில் குற்றம் சொல்லுகிற தொனி துளிகூட இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டான்.

“அந்த எஃப்.சி. தாள்ல இதப்பத்தி ஒண்ணுமே போடலியா பாப்பா?”

சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பான், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பான், அதற்கு மேல் அவனால் முடியாது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

“இல்லண்ணா.”

“நீ பாக்காம வுட்டிருக்க மாட்ட” என்று எழுந்து போனான்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒரு மாதத்துக்குள் செய்தி மானாம்பதி வரைக்கும் போய்விட்டது. கல்யாணம், சீமந்தம், பெண் பார்க்கப் போவது, எதற்கும் அவனை யாரும் கூப்பிடவில்லை. வண்டியை யாருக்காவது விற்றுவிடு என்று அம்மா அழுதாள். “சொல்லிட்டு வித்தா எவனும் வாங்கமாட்டான். சொல்லாம விக்க எனக்கு வாய் வராது” என்றான். சாவுக்கு மட்டும் கூப்பிட்டார்கள். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பிணத்தை வீட்டுக்குக் கொண்டுவர, எட்டூருக்கும் அண்ணன் வண்டிதான். எங்கள் ஊர் மிகவும் நியாயமான ஊர். கல்யாணத்துக்கு ஆகாத வண்டி சாவுக்கு ஆகும் என்று கண்டுபிடித்து அவனுக்குப் பிழைப்புக் கொடுத்தது. அவன் முகம் கோணாமல் போனான். பின் சீட்டில் அழுகிறவர்களுக்காக ஒரு சொம்புத் தண்ணீர் எப்போதும் வைத்திருப்பான். வருடா வருடம் தவறாமல் எஃப்.சி. காட்டினான். ஒரு வருடம்கூட இன்ஸ்பெக்டர் வண்டியைத் திருப்பி அனுப்பவில்லை.

எனக்கு ஐயங்கார்குளத்தில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் கேட்கிறமாதிரி அண்ணன் வைக்கவும் இல்லை. தானே காஞ்சிபுரம் போய் ஒரு டாக்சி பேசி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தான். கல்யாணத்தன்று காலையில் தன் வண்டியை வைக்கோல் போருக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தினான். வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதாம். மஞ்சள் தலை மட்டும் தெரிந்தது. அதன் மேலும் ஒரு கோணியைப் போட்டான்.

உன் வண்டியிலேயே போகிறேன் அண்ணா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மணவறையில் உட்கார்ந்திருந்த அவ்வளவு நேரமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. அந்தப் பெண் நைனா பக்கத்தில் போய் உட்கார்ந்தது என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஊரைச் சொல்லி என்ன, எனக்கும் பயமாக இருந்தது.

தாலி கட்டி முடிந்தது. கிளம்புகிற நேரம். வாசலில் காஞ்சிபுரத்து டாக்சி மாலை போட்டுக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையும் மாமியாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஏறப்போனபோது அண்ணன் கையை நீட்டித் தடுத்தான். அந்த டிரைவரிடம், “எஃப்.சி. தாள குடு” என்றான்.

“இன்னா தலீவா, வண்டியா வாங்கப்போற?” என்று அவன் சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நல்ல நேரம் போகிறது என்று ஒரு கிழவர் கத்தினார். அண்ணன் கையை மடக்கவில்லை. டிரைவர் முனகிக்கொண்டே தாளை எடுத்துக் கொடுத்தான். அண்ணன் அதை வாங்கி, கழுத்தில் மாலையோடு நின்ற என் கையில் வைத்தான்.

“படி பாப்பா. எனக்கு வேற யாரு கீறாங்க படிச்சி சொல்ல?”

படித்தேன். முதல் வருடத்திலிருந்து ஒவ்வொரு முத்திரையாக, ஒவ்வொரு வரியாக, ஒரு எழுத்து விடாமல் சத்தமாகப் படித்தேன். டயர் மாற்றியது, விளக்கு மாற்றியது என்று அற்பமாக எழுதியிருந்ததைக்கூடத் தமிழில் சொன்னேன். கண்ணில் நீர் நிறைந்து எழுத்து கலங்கியபோது துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“எல்லாம் சரியா கீதுண்ணா” என்றேன்.

“நீ சொன்னா சரி” என்று அவனே கதவைத் திறந்துவிட்டான்.

வண்டி எங்கள் ஊர் எல்லை தாண்டும்வரை நான் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார், பிறந்த வீட்டை விட்டு வருகிற அழுகை என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை.